பேரியம் சீரேட் பெல்லட் இரண்டே நாளில் மாவாகிறது, உதவுங்கள்

மதுரை மாணவி:
வணக்கம். நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வு செய்கிறேன். ஹைட்ரஜனை மட்டும் கடத்தும் சவ்வுக்காக, 20 சதவீதம் இட்ரியம் சேர்த்த பேரியம் சீரேட் என்ற பீங்கான் செய்கிறேன். பேரியம் கார்பனேட், சீரியம் ஆக்சைடு, இட்ரியம் ஆக்சைடு மூன்றையும் பால் மில்லில் (குண்டுகள் உருளும் அரைவை இயந்திரம்) அரைத்து 1,100 டிகிரியில் 10 மணி நேரம் வைக்கிறேன். அப்புறம் பெல்லட்டாக, அதாவது சின்ன வில்லையாக அழுத்தி, மூடிய அலுமினா கிண்ணத்தில் 1,500 டிகிரியில் 6 மணி நேரம். சூட்டில் பேரியம் ஆவியாகும் என்று படித்ததால் கார்பனேட்டை 5 சதவீதம் கூடுதலாகப் போட்டேன்.

ஃபர்னஸிலிருந்து எடுத்ததும் தட்டினால் கணீரென்கிறது. அளவீட்டுக்காகக் காரைக்குடிக்குக் கொண்டுபோக மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். திருப்பத்தூர் தாண்டிக் கவரைப் பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. இறங்கும்போது பாதி மாவு. அடிப்பக்கம் கிண்ணத்தில் ஒட்டவும் செய்கிறது. மூன்று பேட்ச் போய்விட்டது. எங்கே தப்பு?

சூளைக்காரர்:
தங்கச்சி, அந்த 5 சதவீதத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மூடி போட்டதால் பேரியம் அவ்வளவாக வெளியேறியிருக்காது. மிஞ்சியது துகள்களின் இடுக்கில் ஆக்சைடாகத் தங்கி, ஐப்பசி ஈரத்தில் ஹைட்ராக்சைடாகி உப்புகிறது. உப்பினால் பெல்லட் உள்ளிருந்தே பிளக்கும்.

ஒரு துணுக்கைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு காரம் இருந்தால் நிறம் காட்டும் ஃபினால்ப்தலீன் ஒரு சொட்டு விடுங்கள். உடனே அடர் இளஞ்சிவப்பு வந்தால் மிச்ச பேரியம்தான். கூடுதல் சேர்க்காத பெல்லட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சீரேட்டே தண்ணீரில் மெல்லச் சிதையும் குணமுள்ளது. கையுறை, முகக்கவசம் கட்டாயம். பேரியம் கார்பனேட்டை எலி விஷமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இட்ரியம் ஆக்சைடை எப்படி எடை போட்டீர்கள்? அது காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுக்கும். 900 டிகிரியில் சுட்டு, ஆறியவுடன் எடை போடாவிட்டால் இட்ரியம் குறையும். அதனாலும் பேரியம் மிஞ்சும்.

பழைய லேப் ஆள்:
ஒட்டுவதற்குக் காரணம் அலுமினா. அது பேரியத்தோடு சேர்ந்து பேரியம் அலுமினேட் ஆகிறது. அதே சீரேட் பொடியைக் கிண்ணத்தில் மெத்தையாகப் பரப்பி, பெல்லட்டை அதற்குள் புதைத்துச் சுடுங்கள். ஆவியாவதும் அடங்கும், கூடுதல் கார்பனேட்டும் தேவைப்படாது.

வெள்ளைப் பூப்பைச் சுரண்டி எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் சிதறலால் என்ன பொருள் என்று காட்டும் சோதனை) எடுங்கள். காப்பர் எக்ஸ் கதிரில் 24 டிகிரி கோணத்துக்கு அருகே சிகரம் வந்தால் பேரியம் கார்பனேட். பெல்லட் மேற்பரப்பில் 28.5 அருகே வந்தால் சீரியம் ஆக்சைடு, அதாவது அங்கே பேரியம் குறைகிறது. இரண்டுக்கும் மருந்து எதிரெதிர், அதனால் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

சூளைக்காரர்:
இன்னொன்று. சீரேட் புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அயனியை நன்றாகக் கடத்தும், ஆனால் கரியமில வாயுவைத் தாங்காது. சீரியத்தில் ஒரு பங்கை சிர்கோனியமாக்கினால் தாங்கும். பதிலுக்கு சிண்டரிங் (சுட்டு இறுக்குவது) கடினம், கொஞ்சம் நிக்கல் ஆக்சைடோ துத்தநாக ஆக்சைடோ சேர்த்தால்தான் அடர்த்தி வரும். முதலில் இந்தப் பெல்லட்டை நிற்க வையுங்கள்.

மதுரை மாணவி:
அண்ணா, ஐயா, மிக்க நன்றி. பழைய துணுக்கு விழுந்த உடனே தண்ணீர் சிவந்துவிட்டது. இட்ரியம் ஆக்சைடைச் சுட்டபோது எடையும் குறைந்தது. கூடுதல் கார்பனேட் இல்லாமல், பொடியில் புதைத்து எடுத்த பெல்லட் கிண்ணத்தில் ஒட்டவில்லை. வெளியே மழை விடவில்லை. ஈரம் புகாத சிலிக்கா ஜெல் டெசிகேட்டர் ஜாடியில் ஒன்றும், வேண்டுமென்றே மேசைமேல் ஒன்றும் வைத்தேன். இன்று ஒன்பதாம் நாள், மேசைமேல் இருப்பதும் தட்டினால் கணீரென்கிறது.