ஒரே மீடியம் (வளர்ப்புக் கரைசல்), ஒரே வெளிச்சம்: உங்கள் குடுவையில் எந்த நுண்பாசி அடம்பிடித்தது?

பழுப்புக்குடுவை:
கீட்டோசெரஸ்தான், சிலிக்கா ஓடு கொண்ட டயாட்டம் வகைப் பாசி. மூன்று நாள் அப்படி ஒரு வேகம், நாளுக்கு ஏறக்குறைய இரண்டு முறை பிரிந்தது. நான்காம் நாள் எண்ணிப் பார்த்தால் முந்தின நாள் கணக்கிலேயே நிற்கிறது. நைட்ரேட் கூட்டினேன், அசையவில்லை. பக்கத்தில் அதே மீடியத்தில் டெட்ராசெல்மிஸ் என்ற பச்சைப்பாசி பசேலென்று ஏறிக்கொண்டிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் டயாட்டம் செல்கள் உயிரோடுதான் இருந்தன. அப்புறம்தான் உறைத்தது: சிலிக்கேட் சேர்க்கவே இல்லை! கடல்நீரில் இருந்த கொஞ்சநஞ்சத்தை வைத்து ஓட்டியிருக்கிறது. பிரியும்போது ஒவ்வொரு செல்லும் புதிதாகப் பாதி ஓடு கட்டியாக வேண்டுமே, பாவம் எதை வைத்துக் கட்டும்?

நீலமின்னல்:
எனக்கு லிங்குலோடினியம், டைனோஃபிளாஜெல்லேட் என்ற, சாட்டை போன்ற இழைகளால் நீந்தும் வகை. டயாட்டத்தை ஆட்டினால் நன்றாக வளர்கிறதே என்று இதையும் ஷேக்கரில் ஏற்றினேன். இரவு விளக்கை அணைத்ததும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குடுவை நீலமாக மின்னியது. அந்த அழகைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். ஒரு வாரத்தில் முக்கால்வாசி அடியில் படிந்துவிட்டது. டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் பலவற்றுக்கு ஆட்டமே ஆகாது. நிறுத்தி வைத்தாலும் நாளுக்கு ஒரு முறை பிரிவதே அபூர்வம். அந்த நீலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மூன்றாம்மாற்று:
பழுப்புக்குடுவை, சிலிக்கேட்தான் என்று அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள். வைட்டமின் பி12 பார்த்தீர்களா? புது மீடியத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தபோது எனக்கு முதல் இரண்டு மாற்றும் நன்றாக வளர்ந்து, மூன்றாவதில் படுத்துவிட்டது. வைட்டமின் கரைசல் பழசு. பழைய குடுவையோடு வந்த மிச்சம்தான் அதுவரை காப்பாற்றியது. 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று 326 பாசி இனங்களைத் தொகுத்துப் பார்த்து, பாதிக்கு மேல் பி12-ஐ வெளியிலிருந்து பெற வேண்டியவை என்றது. அதனால் வைட்டமினை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) வைக்காமல் வடிகட்டிச் சேருங்கள். சிலிக்கேட்டைக் கலக்கிக்கொண்டே துளித்துளியாக விடுங்கள், இல்லையென்றால் வெள்ளையாகத் திரண்டுவிடும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேகத்தை முதல் சில நாளிலேயே அளந்துவிடுங்கள். அடர்ந்த பிறகு ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும், அப்போது நீங்கள் அளப்பது வெளிச்சப் பஞ்சத்தைத்தான். வெப்பநிலையையும் எழுதி வையுங்கள், டயாட்டத்துக்கும் நீலப்பச்சைப்பாசிக்கும் உகந்த சூடு ஒன்றல்ல.

பழுப்புக்குடுவை:
வைட்டமின் புதிதாகக் கலந்தது, நண்பரே. பாதியை வேறு குடுவையில் பிரித்து அதற்கு மட்டும் சிலிக்கேட் விட்டேன். மறுநாள் காலை லென்ஸுக்கடியில் எங்கு பார்த்தாலும் அப்போதுதான் பிரிந்து ஒட்டிக்கொண்டிருந்த ஜோடிகள். விடாத குடுவையில் ஒன்றுகூட இல்லை.