பிக்கப்பின் பின்பக்கத்தை உயர்த்த வேண்டும்: கட்டை வைப்பதா, பட்டை சேர்ப்பதா?

சோளக்காட்டுத் தோட்டக்காரன்:
கொல்லிமலையில் எங்களுக்கு வாழையும் மிளகும். வண்டி 2014 பொலிரோ பிக்கப். தோட்டத்துக்குப் போகும் மண்பாதையில் நடுவே பாறை துருத்திக்கொண்டிருக்கிறது. வாழைத்தார் ஏற்றி வரும்போது பின்னால் அடியில் ‘கர்ர்’ என்று உரசுகிறது. கேட்கும்போதே வயிறு கலங்குகிறது. ஆக்சிலுக்கும் அதன்மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் இரண்டு அங்குல இரும்புக் கட்டை வைத்தால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். இன்னொருவர், இரண்டு பட்டை கூடுதலாகப் போடச் சொல்கிறார். வாரம் இரண்டு முறை 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி நாமக்கல் போகிற வண்டி. விளையாட்டாகச் செய்ய மனம் வரவில்லை. எது சரி?

மலைப்பாதை ஓட்டுநர்:
நானும் கட்டை வைத்துத்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருந்தால் அதை மேலே மாற்றிக் கட்டுங்கள். ஐந்து அங்குலம்கூடக் கிடைக்கும்.

நாமக்கல் பட்டறை:
தம்பி, முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, எது உரசுகிறது என்று பாருங்கள். ஆக்சிலின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில் புதுக் கீறல் இருந்தால், நீங்கள் எத்தனை கட்டை வைத்தாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அது ஆக்சிலோடு சேர்ந்தது, ஆக்சில் நிற்பது டயரின் மேல். கட்டையும் பட்டையும் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைத்தான் தூக்கும். ஸ்டெப்னியோ பம்பரோ இடித்தால் மட்டுமே பட்டை வேலையால் பயன் உண்டு.

மேலே சொன்ன ஐந்து அங்குலக் கணக்கு உண்மைதான்: ஆக்சில் குழாயின் தடிமனும் பட்டைக்கட்டின் தடிமனும் சேர்ந்த உயரம். ஆனால் அதற்குப் பட்டை உட்காரும் மேடையைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். இன்ஜின் விசையைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்வு வரும். பிரேக் ஹோஸ், ஷாக் எதுவும் நீளம் போதாது. வளைவில் வண்டி சாயும். மலையில் சுமை இழுக்கும் வண்டிக்கு நான் அதைச் செய்து தர மாட்டேன்.

கட்டையைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு 50 மி.மீ. கட்டை வைத்துக் கொடுத்தேன். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் புதிது, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை குழியில் சரியாக அமர்ந்தது, எல்லாம் ஒழுங்கு. மூன்றாம் நாள், மலையிறக்கத்தில் முன்சக்கரம் தீய்ந்த வாடை அடிக்கிறது என்று வந்து நின்றார். சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில், சுமைக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. வண்டி உயர்ந்ததும் அதன் கம்பி, பாரமே இல்லாத நிலைக்குப் போய்விட்டது. ஒரு டன் சரக்கோடு பின்பிரேக் பாதிதான் பிடித்தது, மீதி வேலை முன்பிரேக்கின் மேல் விழுந்தது. கம்பியைத் திருத்தாமல் விட்டது என் தவறு. அன்றிலிருந்து அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்க்காமல் எந்த வண்டியையும் வெளியே விடுவதில்லை. உங்கள் வண்டியிலும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கூடுதல் பட்டை போட்டால் வெறும் வண்டி துள்ளும். மழையில் வளைவில் பின்பக்கம் வழுக்கும். ஆர்.சி.யில் எழுதிய எடையும் அதனால் கூடிவிடாது.

அதனால் முதலில், பட்டை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சமதளத்தில், சரக்கில்லாமல், சக்கரத்தின் நடுவிலிருந்து சரக்குத் தொட்டியின் விளிம்பு வரை, இரண்டு பக்கமும்.

அரசு வழக்கு தெரிந்தவர்:
மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும் நினைவில் வையுங்கள். தயாரிப்பாளரின் அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது கேள்வி வரும்.

சோளக்காட்டுத் தோட்டக்காரன்:
அண்ணா, சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தேன். உருண்டையில் கீறலே இல்லை. ஸ்டெப்னி தொங்கும் தாங்கியின் இடது மூலைதான் வெள்ளிபோலத் தேய்ந்திருக்கிறது. அளந்தால் வலதைவிட இடது 35 மி.மீ. தாழ்வு. பட்டைமேல் இருந்த சேற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். மூன்றாம் பட்டையில், யூ போல்ட்டை ஒட்டி மயிரிழைபோல ஒரு சிவப்புத் துருக்கோடு. நகத்தை வைத்தால் உள்ளே இறங்குகிறது.

நாமக்கல் பட்டறை:
அது முறிந்த பட்டை. துருக்கோடு என்றால் உடைந்து பல நாள் ஆகியிருக்கும். இன்றைக்கே சரக்கை நிறுத்துங்கள். பழைய பட்டையைச் சூடேற்றி அடித்து வளைவு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூடேற்றிய எஃகை முறையாக எண்ணெயில் குளிர்வித்துப் பதப்படுத்தாவிட்டால் நாலு மாதத்தில் மறுபடி படுத்துவிடும். இரண்டு பக்கமும் புது செட், புது யூ போல்ட், புது சென்டர் போல்ட். வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு நட்டைக் குறுக்குமறுக்காக இறுக்கச் சொல்லுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

சோளக்காட்டுத் தோட்டக்காரன்:
இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று. கட்டை எதுவும் வைக்கவில்லை. பிரேக் வால்வின் கம்பியையும் பார்த்து, கம்பெனி அளவிலேயே வைத்தோம். இடது பக்கம் 40 மி.மீ. ஏறியிருக்கிறது, வலது 10. நேற்று நாற்பது தார் ஏற்றிக்கொண்டு அதே பாறைமேல் மெதுவாக வந்தேன். உரசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நட்டுகளை இறுக்கக் கீழே வருகிறேன், அண்ணா. இரண்டு சீப்பு மலைவாழை எடுத்து வைத்திருக்கிறேன்.