நாவல், நெல்லி, ப்ளூபெர்ரி: சத்து எந்த இடத்தில் தொலைகிறது? – அனுபவப் பகிர்வு

உணவு ஆய்வகத்திலிருந்து

பெர்ரி பொடி என்று சோதனைக்கு வரும் பாக்கெட்டுகளில் ஓராக் (ORAC) என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்குகிறவர்களும் எதில் எண் அதிகம் என்றுதான் கேட்கிறார்கள். அந்த எண்ணை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். ஒரு சாறு சோதனைக் குழாயில் எவ்வளவு ஃப்ரீ ராடிக்கல்களை (செல்களைச் சேதப்படுத்தும் நிலையற்ற மூலக்கூறுகளை) அடக்குகிறது என்பதற்கான அளவு அது. அமெரிக்க வேளாண் துறை 2007-ல் வெளியிட்டு 2010-ல் விரிவாக்கிய ஓராக் பட்டியலை 2012-ல் அதுவே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. குழாயில் கிடைக்கும் எண்ணை வைத்து உடம்பில் நடப்பதைச் சொல்ல முடியாது, நிறுவனங்களும் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணமும் சொன்னது.

நாவல், ப்ளூபெர்ரி, மல்பெரி மூன்றுக்கும் கருநீலம் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. சாப்பிட்டதில் மிகச் சிறு பங்குதான் அப்படியே ரத்தத்தில் சேரும். மீதி பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிறு ஃபீனாலிக் அமிலங்களாக உடைத்த பிறகுதான் உள்ளே போகிறது. அதனால், பழம் நேராகப் போய் ஃப்ரீ ராடிக்கல்களைத் துடைத்தெடுக்கிறது என்ற பழைய விளக்கம் இப்போது நிற்பதில்லை. ரத்தக்குழாயின் உட்சுவர் நன்றாக விரிந்து கொடுக்கிறதா என்றுதான் ஆய்வுகள் பார்க்கின்றன. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகக் குழு 2019-ல் வெளியிட்ட சோதனையில், மெட்டபாலிக் சிண்ட்ரோம் (தொப்பை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புக் கோளாறுகளில் சில சேர்ந்திருக்கும் நிலை) உள்ள 115 பேர் ஆறு மாதம் கலந்துகொண்டார்கள். தினமும் ஒரு கப், அதாவது 150 கிராம் பழத்துக்குச் சமமான 26 கிராம், உறையவைத்து உலர்த்திய ப்ளூபெர்ரிப் பொடி எடுத்தவர்களுக்கு ரத்தக்குழாய் விரிவும் நல்ல கொழுப்பும் கூடின. அரை கப் அளவுக்கு அந்தப் பலன் இல்லை. இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடம்பு சரியாக இணங்காத நிலை) ஒரு கப்பிலும் மாறவில்லை. ஒரு ஸ்பூன் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பவர்கள் இந்த அளவை மனதில் வைக்கவும்.

பொடியில் ஆந்தோசயனின் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டீஸ்பூன் பொடியை 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூன்று கண்ணாடி டம்ளரில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பளிச்சென்று செம்பருத்திச் சிவப்பு ஏறும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் ஊதா நீலமாகி, இன்னும் கொஞ்சம் போட்டால் பச்சை தட்டும். கார்மோசின் போன்ற செயற்கைச் சிவப்பு சோடாவுக்கு இப்படி நீலமோ பச்சையோ ஆகாது. ஆனால் கறுப்பு கேரட், சிவப்பு முட்டைக்கோஸ் சாறும் இதே வேலையைக் காட்டும். ஆக, இந்தச் சோதனை நிறமி உண்டா என்று சொல்லுமே தவிர, அது எந்தப் பழத்துடையது என்று சொல்லாது.

பழம் பதப்படுத்தும் தொழிலிலிருந்து

மேலே சொன்ன நிறமி ப்ளூபெர்ரியில் தோலில்தான் இருக்கிறது. பழத்தை நறுக்கிப் பாருங்கள், உள்ளே வெளிறிய பச்சைதான். ஜூஸ் பிழிந்து சக்கையைக் கொட்டுகிறவர்கள் காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதியைக் கொட்டுகிறார்கள். மிக்ஸியில் அடித்து வடிகட்டாமல் குடிப்பதே சரி.

நாவல் சீசனில் வீட்டில் சேர்த்துவைக்க நினைப்பவர்களுக்கு: மரத்தடியில் விழுந்து நசுங்கியதை எடுக்காதீர்கள். தோல் கிழிந்த இடத்தில் புளிப்பு ஏறத் தொடங்கியிருக்கும். நல்ல பழமாகப் பொறுக்கிக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் முழுக்கப் போன பிறகு, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காக ஃப்ரீசரில் வையுங்கள். கல் மாதிரி ஆனதும் பைக்கு மாற்றிக் காற்றை அழுத்தி வெளியேற்றிவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் மொத்தமும் ஒரே கட்டியாகிவிடும். வேண்டியதை மட்டும் எடுக்க முடியாது. உறையும்போது செல் சுவர் உடைவதால், வெளியில் எடுத்து வைத்ததும் சாறு கசியும். அந்தக் கசிவில்தான் நிறமி இருக்கிறது, கீழே ஊற்றிவிட வேண்டாம்.

கூழாக எடுத்துவைப்பதானால் சூடு காட்டியே ஆக வேண்டும். தோலும் சதையும் கிழிந்து காற்று பட்டதும் பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்கும். அரைமணி நேரத்தில் ஊதா பழுப்புக்குத் திரும்புவதற்கு அதுதான் காரணம். எவர்சில்வர் பாத்திரத்தில் 85 டிகிரி வரை, ஓரத்தில் குமிழி எழும்பும் பதத்தில், இரண்டு மூன்று நிமிடம் வைத்து உடனே ஆறவிடுங்கள். இரும்புச் சட்டியும் பித்தளையும் ஆகாது, நிறம் கறுக்கும்.

ப்ளூபெர்ரி மேல் இருக்கும் வெண்பூச்சு பூஞ்சை அல்ல, இயற்கையான மெழுகு. சாப்பிடும் நேரத்தில் மட்டும் கழுவுங்கள். ஸ்ட்ராபெர்ரிக்கு வேறு முறை: ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர், இரண்டு நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் ஒரு அலசல். முழுக்க உலராமல் டப்பாவில் போட்டால் கழுவாததைவிடச் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும்.

நெல்லிக்காய் கணக்கு தனி. அதன் பலம் வைட்டமின் சி-யும் துவர்ப்புச் சத்தான டானினும். பழைய இந்திய உணவு அட்டவணையில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருக்கும். 2017 அட்டவணையில் சுமார் 250. குறைந்த கணக்கை எடுத்தாலும் ஒரு பெரிய காய் ஒரு நாள் தேவைக்குப் போதும். வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் தண்ணீரோடு போகும். வெயிலில் காயவைத்த வற்றலில் வைட்டமின் சி வெகுவாகக் குறைந்துவிடும், டானின் பெரும்பாலும் நிற்கும். துருவியவுடன் மோரில் கலந்து குடிப்பதற்கு ஈடு வேறில்லை.

கேள்வி

ஸ்மூத்தியில் வாழைப்பழம் சேர்க்கலாமா?

உணவு ஆய்வகத்திலிருந்து

வாழைப்பழத்தில் மேலே சொன்ன பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் நொதி மிக அதிகம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் ரத்தத்தில் ஃபிளவனால் என்ற தாவரச் சத்தின் அளவு, அதையே மாத்திரையாக எடுத்தபோது இருந்ததைவிட 84 சதவீதம் குறைந்தது. பெர்ரி மட்டும் சேர்த்த ஸ்மூத்தியில் அந்தக் குறைவு இல்லை. மாம்பழம், அன்னாசி, ஆரஞ்சு, தயிர் சேர்க்கலாம். வாழைப்பழத்தைத் தனியாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கரியிலிருந்து

ப்ளூபெர்ரி மஃபினில் பழத்தைச் சுற்றிப் பச்சை வளையம் விழுந்தால் பழம் கெட்டதென்று தூக்கிப் போடுகிறார்கள். சோடா கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மேலே மூன்றாவது டம்ளரில் நடந்ததே மாவிலும் நடக்கிறது. அரை டீஸ்பூன் சோடாவுக்கு ஒரு கப் புளித்த மோர் இருக்க வேண்டும். மோர் இல்லாத செய்முறையென்றால் அரை டீஸ்பூன் சோடாவுக்குப் பதில் ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். பழத்தை உறைந்த நிலையிலேயே ஒரு மேசைக்கரண்டி மைதாவில் புரட்டி, கடைசியில் இரண்டே கிளறல்.

இன்னொன்று. கேக், பன், ஐஸ்கிரீம் மேல் வைக்கும் சிவப்புச் "செர்ரி" நம் ஊரில் பெரும்பாலும் களாக்காய். உப்பு நீரிலும் சல்ஃபைட்டிலும் ஊறவைத்து வெளுத்து, சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் கொதிக்கவைத்தது. மரத்தில் கருஞ்சிவப்பாகப் பழுக்கும் களாவில் அருமையான நிறமி இருக்கிறது. பாகில் ஊறியதில் சர்க்கரைதான் மிச்சம். காய்ந்த கிரான்பெர்ரியும் பின்புற லேபிளைப் பார்த்து வாங்க வேண்டியது. இனிப்பு சேர்த்த வகையில் 100 கிராமுக்குச் சர்க்கரை 70 கிராமைத் தாண்டும்.

மருந்தகத்திலிருந்து

சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் பெண்களுக்குக் கிரான்பெர்ரி அது மறுபடி வரும் வாய்ப்பைச் சுமார் கால் பங்கு குறைப்பதாக பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2023 காக்ரன் தொகுப்பாய்வு காட்டுகிறது. ஈ.கோலை கிருமி சிறுநீர்ப்பாதைச் சுவரில் ஒட்டிக்கொள்வதை அதிலுள்ள புரோஆந்தோசயனிடின் என்ற டானின் வகை தடுக்கிறது என்பது விளக்கம். வந்துவிட்ட தொற்றை அது ஆற்றாது. காய்ச்சலும் இடுப்பு வலியும் இருந்தால் ஜூஸ் குடித்துக்கொண்டு நாள் கடத்தாதீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கிரான்பெர்ரி, கோஜி பெர்ரி தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லி ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழம் நல்லதென்றால் அதன் சாரத்தை மாத்திரையாக எடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று கவுன்டரில் கேட்கிறார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையில், தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட்டை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994-ல் வெளியான முடிவு. ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பெயருக்காக அதிக டோஸ் மாத்திரையைத் தர எனக்கு மனம் வருவதில்லை.

இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்கள் நாவலைச் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சர்க்கரை நோயாளிகள் நாவல் இனிப்பில்லாத பழம் என்று எண்ணக் கூடாது. 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 14 கிராம் உண்டு. நாவல் கொட்டைப் பொடி சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோடு அதைச் சேர்த்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிட வாய்ப்புண்டு. தொடங்குவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, முதல் இரண்டு வாரம் குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வையுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.