புள்ளிக் குதிரைக்குப் பிடிவாதம் அதிகமா?

ஈசூன் அப்பா | புதன், இரவு 10.42

மகளுக்கு 11 வயது. ஆறு மாதமாகக் குதிரைச் சவாரி வகுப்புக்குப் போகிறாள். இன்றைக்கு விழுந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த நேரத்தில் இங்கே எழுதுகிறேன்.

அவள் ஏறுவது ஒரு போனி, அப்பலூசா என்கிற புள்ளிக் குதிரை இனத்தின் கலப்பு என்கிறார்கள். உடம்பெல்லாம் வெள்ளை, அங்கங்கே சில பழுப்புப் புள்ளி. அதைப் பார்த்ததும் மகள் "தோசை" என்று பெயர் வைத்துவிட்டாள். லாயத்தில் வேறு பெயர் இருக்கிறது, எங்கள் வீட்டில் தோசைதான்.

நான் வேலை முடிந்து கூட்டிப்போக வேண்டியிருப்பதால் எங்களுக்கு ஏழு மணி வகுப்பு. ஏழேகால் தாண்டியிருக்கும். மைதானத்துக் கோடியில் விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில் தோசை நின்றுவிட்டது. பயிற்சியாளர் "காலால் தட்டு, விடாதே" என்றார். இவளும் தட்டினாள். அது சட்டென்று திரும்பியது, இவள் மணலில் கிடந்தாள்.

"புள்ளிக் குதிரை அப்படித்தான். புத்தி உண்டு, கூடவே பிடிவாதமும் உண்டு" என்று பயிற்சியாளர் சொல்கிறார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் ஒருவர் "குழந்தைகளுக்கு இதைவிட அடக்கமான இனம் கிடையாது" என்கிறார், இன்னொருவர் "சண்டி" என்கிறார். எதை நம்புவது? வேறு குதிரை கேட்கட்டுமா?

கிராஞ்சி மாமா | புதன், இரவு 11.15

தம்பி, பிள்ளை நல்லாயிருக்கு இல்லையா, அது போதும்.

நான் பந்தயக் குதிரை லாயத்தில் 26 வருஷம் வேலை பார்த்தவன். 2024 அக்டோபர் 5, சிங்கப்பூரில் கடைசிப் பந்தயம் ஓடிய நாள்வரைக்கும் இருந்தேன். செவலை, பழுப்பு, கறுப்பு, சாம்பல் எல்லாவற்றுக்கும் தீனி போட்ட கை இது. நிறத்துக்கும் குணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. விடிகாலை நாலு மணிக்குக் கதவை எவன் திறக்கிறான், எப்படித் திறக்கிறான், அதுதான் குதிரையின் குணம். ஒரே குதிரை ஒருத்தனிடம் பசுவாக நிற்கும், அடுத்தவனிடம் புலியாகப் பாயும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கைக்கு அடங்காத குதிரைக்கெல்லாம் ஜாதகம் எழுதுவது பயிற்சியாளர்களுக்குப் பழக்கம்.

சுழி சுப்பு | புதன், இரவு 11.38

மாமா, மரியாதையோடு மறுக்கிறேன். நம் ஆட்கள் சும்மாவா சுழியும் நிறமும் பார்த்துக் குதிரை பிடித்தார்கள்? நாலு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி. அதற்கு மரியாதையே தனி. தப்பான இடத்தில் சுழி இருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வைத்த கணக்கு அது. நிறம் பேசும், நமக்குக் காது வேண்டும்.

கிராஞ்சி மாமா | புதன், இரவு 11.44

பஞ்சகல்யாணி என்று சொல்லி விலையை ஏற்றியவன் குதிரைத் தரகன். காது இருப்பவன் அதையும் கேட்கலாம்.

சேணம் திவ்யா | வியாழன், காலை 8.05

மாமா, ஒரு சந்தேகம். பந்தயத்தில் ஓடுவது தரோபிரெட். அந்த இனத்தில் சிறுத்தைப் புள்ளியே கிடையாது. சாம்பல் குதிரை உடம்பில் நிலா நிலாவாகத் தெரிவது வேறு, வயதானால் வெளுத்துப் போய்விடும். அப்படியென்றால் 26 வருஷத்தில் நீங்கள் எத்தனை புள்ளிக் குதிரையைப் பார்த்தீர்கள்? பார்க்காததைப் பற்றி இவ்வளவு உறுதியா?

ஆனாலும் உங்கள் முடிவு சரி, காரணம்தான் வேறு. வேலை விஷயமாக இரண்டு வருஷம் டென்மார்க்கில் இருந்தேன், அங்கே கனாப்ஸ்ட்ரப்பர் என்கிற புள்ளிக் குதிரை ஏறியிருக்கிறேன். அந்த இனத்தின் கதை 1812இல் தொடங்குகிறது. ஸ்பெயின் படையோடு வந்த ஒரு புள்ளிப் பெட்டைக் குதிரை ஃபிளேப என்ற கசாப்புக்காரர் கைக்கு வந்தது. அவரிடமிருந்து கனாப்ஸ்ட்ரப் பண்ணைக்காரர் வாங்கினார். கசாப்புக்காரர் பெயரே குதிரைக்கும் ஒட்டிக்கொண்டது. அதன் வம்சம் சர்க்கஸுக்குப் போனது, இன்றைக்கு டிரெஸ்ஸாஜ் என்கிற நடைப் பயிற்சிப் போட்டியும் ஆடுகிறது. நான் ஏறியது சொன்னதைக் கேட்கும், ஆனால் தூங்குமூஞ்சி இல்லை.

ஆஸ்திரியாவின் நோரிக்கர் மலையில் மரம் இழுத்த கனத்த இனம். அதிலும் அச்சு அசல் இதே புள்ளி உண்டு. பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் காதை மட்டும்தான் ஆட்டும்.

அப்பலூசா அமெரிக்காவின் வடமேற்கில் நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி மக்கள் பொறுக்கி எடுத்து வளர்த்த குதிரைகளின் வழி வந்தது. அந்த மக்களின் குதிரைகளைப் புகழ்ந்து 1806இலேயே அந்தப் பக்கம் ஆராய்ச்சிப் பயணம் போன மெரிவெதர் லூயிஸ் எழுதி வைத்திருக்கிறார். 1877இல் அமெரிக்கப் படையோடு நடந்த போருக்குப் பிறகு மந்தைகள் பறிபோய்ச் சிதறிப்போயின, கண்டதோடும் கலந்தன. 1938இல் இந்த இனத்துக்கென்று சங்கம் ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அராபியக் குதிரை, குவார்ட்டர் குதிரை, தரோபிரெட் மூன்றோடும் கலக்க அங்கே அனுமதி உண்டு. அராபிய ரத்தம் ஓடுகிற அப்பலூசாவும் குவார்ட்டர் ரத்தம் ஓடுகிற அப்பலூசாவும் எப்படி ஒரே குணமாக இருக்கும்?

புள்ளி ஒன்றேதான், ஆனால் குணம் மூன்று விதம். புள்ளியா குணத்தைத் தீர்மானிக்கிறது?

கிராஞ்சி மாமா | வியாழன், காலை 9.20

நன்றாகக் கேட்டாய் பிள்ளை. புள்ளிக் குதிரை ஒன்றுகூடப் பார்த்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேள். இருபது பழுப்புக் குதிரை நிற்கிற லாயத்தில் ஒரு பழுப்பு கடித்தால் "அந்தப் பயல் கடித்தான்" என்போம். இருபதில் ஒன்று மட்டும் புள்ளியாக இருந்து அது கடித்தால் "புள்ளி கடிக்கும்" என்போம். கெட்ட பெயர் இப்படித்தான் கிளம்புகிறது.

கால்நடை கவி | வியாழன், பகல் 1.10

சாப்பாட்டு நேரம், சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன். விலங்கு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன், குதிரைப் பிரிவில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறேன்.

ஈசூன் அப்பாவிடம் ஒரே கேள்வி. தோசைக்கு எத்தனை புள்ளி?

ஈசூன் அப்பா | வியாழன், பகல் 1.26

எண்ணவில்லையே. பத்துக்குள் இருக்கும். மூக்கைச் சுற்றி இளஞ்சிவப்பும் கறுப்புமாகத் தோல் மச்சம் மச்சமாக இருக்கும். கண்ணில் மனிதர்களுக்கு மாதிரி வெள்ளை விழி தெரியும். ஏன் கேட்கிறீர்கள்?

கால்நடை கவி | வியாழன், இரவு 8.50

இப்போதுதான் வீடு வந்தேன்.

சிறுத்தைப் புள்ளிக்குக் காரணம் எல்பி என்கிற மரபணு மாற்றம். அது உட்கார்ந்திருக்கும் இடம் டிஆர்பிஎம்1 மரபணு. அது தோலில் நிறத்துக்கும் வேலை செய்கிறது, கண்ணின் விழித்திரையிலும் வேலை செய்கிறது. மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்கள் அடுத்த செல்லுக்குச் செய்தி கொடுக்க வேண்டும் இல்லையா, அந்தக் கைமாற்றத்துக்கு இது தேவை. பால்காரர் வாசலில் பாலை வைத்துவிட்டுப் போகிறார், கதவைத் திறந்து எடுக்க வீட்டில் ஆளில்லை. அப்படி ஒரு நிலைமை.

எல்பி ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் பாதகமில்லை, ராத்திரியிலும் பார்வை இருக்கும். இரண்டு பக்கமிருந்தும் வந்தால் பிறவியிலேயே மாலைக்கண். பகலில் நன்றாகத் தெரியும், இருட்டினால் ஒன்றும் தெரியாது. வயதானால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுவார்கள். புள்ளி நிறைய இருந்தால் ஆபத்தும் நிறைய என்று நினைப்போம். அது தலைகீழ். உடம்பெல்லாம் புள்ளி கொட்டிக் கிடக்கிற குதிரைக்குப் பெரும்பாலும் ஒற்றை எல்பிதான். இரட்டை எல்பி இருந்தால் புள்ளிகள் கரைந்து, கிட்டத்தட்ட முழு வெள்ளையில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிஞ்சும். தோசை மாதிரி.

நம் ஊரில் ஏழு மணிக்குச் சூரியன் இறங்கினால் இருபது நிமிடத்தில் இருட்டு. வெளிச்சம் முடிகிற கோட்டில் நின்ற குதிரையைப் பிடிவாதம் என்கிறார்கள். முன்னால் தரை இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்றே அதற்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் வயிற்றில் உதை வேறு.

சுழி சுப்பு | வியாழன், இரவு 9.02

நிறம் பேசும் என்று நேற்றே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

கால்நடை கவி | வியாழன், இரவு 9.15

சுப்பு அண்ணே, அவசரப்படாதீர்கள். நான் குணத்தைச் சொல்லவில்லை, கண்ணைச் சொன்னேன். இருட்டில் மிரளும் குதிரைக்கு மிரண்ட சுபாவம் என்று பெயர் வைத்தால் தப்பு நம்முடையது. அது பகலில் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள்.

ஆனால் உங்கள் சுழிக்கு ஒரு துணை தருகிறேன். 1995இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் அவரோடு இருந்தவர்களும் மாடுகளைப் பார்த்தார்கள். நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே இருந்த மாடுகள் கட்டிப் பிடித்தபோது அதிகம் திமிறின. குதிரையில்லை, மாடு. அளவோடு சந்தோஷப்படுங்கள்.

சேணம் திவ்யா | வியாழன், இரவு 10.31

கவி சொன்னதில் தப்பில்லை. என் பயம் வேறு. நேற்றுவரை "புள்ளி என்றால் பிடிவாதம்". நாளையிலிருந்து "புள்ளி என்றால் குருடு" என்று ஆரம்பிப்பார்கள். சோதனை செய்யாமல் ஒரு குதிரைக்குச் சீட்டு ஒட்டினால் பயிற்சியாளர் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாலைக்கண் உள்ள குதிரைகள் எத்தனையோ நிம்மதியாக வாழ்கின்றன. கூட்டாளி குதிரையின் பின்னாலேயே போகும், பழகிய வேலியைத் தெரிந்து வைத்திருக்கும். அப்புறம், விளக்கு விளிம்பில் எந்தக் குதிரையும் தயங்கும். குதிரைக் கண் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாற நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். தோசை சாதாரணக் குதிரையாகவே இருக்கலாம்.

கால்நடை கவி | வியாழன், இரவு 10.48

இருக்கலாம். அதனால்தான் "தெரியாமல் இருந்திருக்கலாம்" என்று எழுதினேன். பிடரியில் பிடுங்கிய வேரோடு கூடிய ரோமம் கொஞ்சம் அனுப்பினால் மரபணு பார்த்துச் சொல்ல வெளிநாட்டில் ஆய்வகம் இருக்கிறது. ஊகத்தைவிட அது மலிவு.

இன்னொன்றும் பாருங்கள். பகலில் கண் கூசுகிறதா, தண்ணீர் வடிகிறதா? அப்பலூசாவுக்குக் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வரும் அழற்சி மற்ற இனங்களைவிட எட்டு மடங்கு வரை அதிகம் என்று கணக்கு உண்டு. அதுவும் இவற்றில் சத்தமில்லாமல் வரும், சிவக்கக்கூடச் செய்யாது. தினமும் தலைவலியோடு வேலைக்குப் போகிறவர் எரிந்து விழுவதைச் சுபாவம் என்று சொல்வோமா?

கிராஞ்சி மாமா | வெள்ளி, காலை 5.50

இதைப் படித்ததும் ஒருவன் நினைவுக்கு வந்தான். பழுப்புக் காயடித்த குதிரை. வலது பக்கமாக யார் போனாலும் உதைப்பான். அவன் கதவில் எச்சரிக்கை எழுதித் தொங்கவிட்டிருந்தோம். என் தொடையில் இன்னமும் குளம்புத் தழும்பு இருக்கிறது. ஒரு நாள் தண்ணீர் காட்டும்போது சாய்வெயில் முகத்தில் விழுந்தது. வலது விழி அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கி இருந்தது. அதுவரை எத்தனையோ பேர் பார்த்தும் யாருக்கும் தெரியவில்லை, நான் உள்பட. அப்புறம் வலது பக்கம் போகும்போதெல்லாம் "டேய், நான்தான்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவேன். உதையே கிடையாது.

கவி சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. திவ்யா ஒத்துக்கொள்ளாது, பரவாயில்லை.

சேணம் திவ்யா | வெள்ளி, காலை 7.40

ஒத்துக்கொள்ள மாட்டேன்தான். நீங்கள் எல்லாமே கைப்பழக்கம் என்றீர்கள். அவனுக்கு இருந்தது கண் நோய். கைப்பழக்கம் அப்புறம் வந்தது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

கிராஞ்சி மாமா | வெள்ளி, காலை 7.52

பேத்தியிடம் வாதாடுகிற மாதிரியே இருக்கிறது. கோப்பி ஆறுகிறது, வருகிறேன்.

சுழி சுப்பு | வெள்ளி, பகல் 12.30

தோசைக்கு நெற்றிச் சுழி எங்கே இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

ஈசூன் அப்பா | ஞாயிறு, மாலை 4.18

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

வெள்ளி ராத்திரி கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு கேரட்டோடு லாயத்துக்குப் போனேன். விளக்கடியில் நீட்டினேன், தலையைத் திருப்பி ஒரே கவ்வு. அப்புறம் இருட்டுப் பக்கம் கூட்டிப்போய்ச் சத்தம் போடாமல் ஒரு முழம் தள்ளி நீட்டினேன். அது கேரட்டைப் பார்க்கவில்லை. மூக்கை இடமும் வலமும் காற்றில் துழாவிக்கொண்டே வந்து என் மணிக்கட்டில் இடித்தது, பிறகுதான் கேரட் கிடைத்தது. பக்கத்தில் நின்ற பழுப்புப் போனிக்கும் அப்படியே செய்தேன். அது நேராக வந்து பிடுங்கிக்கொண்டது. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று திவ்யா சொல்வார், தெரியும்.

லாயத்துக்காரரிடம் பேசினேன். தோசை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததாம், தாய் தகப்பன் விவரம் எழுதிய காகிதம் இல்லை. ரோமம் அனுப்பலாம் என்றேன், "உங்கள் செலவு என்றால் சரி" என்றார். சரி என்றுவிட்டேன். பயிற்சியாளருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. வகுப்பை மட்டும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாற்றிக்கொண்டோம், அதே குதிரைதான்.

நேற்று முதல் காலை வகுப்பு. அந்தக் கோடிக்கு நாலு முறை போனது, நாலு முறையும் நிற்காமல் திரும்பியது. கண் கூசவில்லை, தண்ணீரும் வரவில்லை. முடிந்ததும் மகளும் நானும் குளிப்பாட்டும் இடத்தில் நின்று புள்ளிகளை எண்ணினோம். எட்டு. அவள் ஈரத் துணியால் துடைத்ததும் ஏழு ஆகிவிட்டது, ஒன்று சேறு.

சுப்பு சார், நெற்றிச் சுழி கண்ணுக்கு நேராக இருக்கிறது, மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

சுழி சுப்பு | ஞாயிறு, மாலை 4.31

ஒரு படம் போடுங்கள். நேராக என்று நீங்கள் சொல்வது எனக்கு மேலே என்று தெரியலாம்.