லைட்டைப் போட்டால் எஞ்சின் குளிர்ந்துபோகிறது: எஞ்சின் மாற்றி ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) வயரிங் செய்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பழைய ஜிப்சி, கோவை:
1 லிட்டர் ஜிப்சியில் உக்கடத்தில் வாங்கிய ஜி13பிபி 16 வால்வ் எஞ்சின். கூட வந்த வயரிங் பாதியில் வெட்டியிருந்தது, ஈசியூவும் இல்லை, அதனால் லேப்டாப்பில் நாமே டியூன் செய்துகொள்ளும் ஸ்பீடுயினோ ஈசியூ போட்டேன். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். பகலில் அருமையாக ஓடும். இருட்டினால் திணறும், கரும்புகை, பிளக்கைக் கழற்றினால் கண்மை தடவியது மாதிரி இருக்கும். பிளக், இன்ஜெக்டர், பம்ப் என்று மூன்று வாரம் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு ராத்திரி வாசலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா ஹெட்லைட்டைப் போட்டேன். திரையில் கூலன்ட் வெப்பம் 84 டிகிரி இருந்தது, 51 ஆனது. அணைத்தேன், 84. போட்டேன், 51. பத்து தடவையாவது செய்திருப்பேன், யாருக்கோ சிக்னல் கொடுக்கிறேன் என்று எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

தப்பு என்னுடையதுதான். ஒரு வயரை மிச்சம் பிடிக்க, சென்சார் எர்த்தை டாஷ்போர்டுக்குக் கீழே பாடி போல்ட்டில் முறுக்கியிருந்தேன், ஹெட்லைட் எர்த்தும் அங்கேதான் வருகிறது. ஈசியூ எர்த் மட்டும் நேராக பேட்டரி மைனஸில். போல்ட் துரு, லைட் போட்டு மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அது அப்படியே கூலன்ட் சென்சார் சிக்னலில் ஏறிவிடுகிறது. அங்கே வோல்ட் கூடினால் எஞ்சின் ஆறியிருக்கிறது என்று அர்த்தம், ஈசியூவும் பாவம் பெட்ரோலை ஊற்றித் தள்ளுகிறது.

ஈப்போவிலிருந்து:
எனக்கு எர்த் ஒழுங்காகத்தான் இருந்தது, அடி வேறு பக்கம். புரோட்டான் வீரா காரில் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதியான கார்) மிட்சுபிஷி 4ஜி93 எஞ்சின், புல்லியில் 36-1 பல் சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது), இரண்டு வயர் காந்த சென்சார். ஸ்பார்க் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்தால் ஐடிலில் மார்க் ஆடாமல் நிற்கிறது. 3000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினேன், சுவரில் பல்லி நகர்கிற மாதிரி மெல்ல நகர்ந்து போகிறது, லேப்டாப்பில் மட்டும் அதே 10. சென்சாரின் இரண்டு வயரும் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். இப்போதும் திரையில் வரும் எந்த எண்ணையும் டைமிங் லைட் அடித்துப் பார்க்காமல் நம்புவதில்லை.

மதுரை 800:
ஜிப்சி நண்பரே, அந்த போல்ட்டைச் சுரண்டித் தேய்த்திருந்தாலே வேலை முடிந்திருக்கும், இதற்கா மூன்று வாரம்? என் கதை சின்னது. மாருதி 800இல் எஸ்டீம் எஞ்சின், ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் மட்டும் அணையும், கிராங்க் சென்சார் வயரில் நான் பற்றவைத்த ஈயம் ஓரத்தில் முறிந்திருந்தது. அதனால் சொல்கிறேன், அதிர்வு இருக்கும் இடத்தில் ஈயம் வேண்டாம், வயர் முனையை அழுத்திப் பிடிக்க வைக்கும் நல்ல கிரிம்பிங் கருவி வாங்குங்கள். இன்ஜெக்டரை மாட்டும் முன் ஓம் பாருங்கள், 12க்கு மேல் இருந்தால் நேராகக் கொடுக்கலாம், இரண்டு மூன்று ஓம் என்றால் நடுவே ரெசிஸ்டர் இல்லாமல் ஈசியூவில் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் புகைந்துவிடும். பம்புக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ். அப்புறம் முக்கியமானது, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு இருக்கிறது, எஞ்சின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றாமல் ஓட்டி விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார்.

பழைய ஜிப்சி, கோவை:
தேய்த்தேன் அண்ணே. 51 போய் 77 ஆனது, 84 ஆகவில்லை. வயரை ஈசியூவின் சென்சார் எர்த்துக்கே இழுத்த பிறகுதான் அசையாமல் நின்றது.

ஈப்போவிலிருந்து:
ஆர்.சி. பற்றி யாரும் கேட்கவே இல்லையே! எங்களுக்கும் மலேசியாவில் புஸ்பகாம் வாகனச் சோதனை, ஜேபிஜே (போக்குவரத்துத் துறை) எல்லாம் உண்டு, அதற்குத் தனியாக அழலாம்.

ஆம்பூர்க்காரன்:
உங்களுடையதாவது வயர் தப்பு. மச்சான் ஓட்ட நான் பக்கத்து சீட்டில் லேப்டாப்போடு, வாணியம்பாடி ரோட்டில் இரண்டு மணி நேரம் டியூனிங். சீரான வேகத்தில் காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 வந்து நின்றதும் டீ குடிக்க நிறுத்திச் சாவியைத் திருப்பினோம். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் காலையில் இருந்த அதே திணறல். டியூனை ஈசியூவில் சேமிக்கும் பர்ன் பட்டனை ஒரு தடவைகூட அமுக்கவில்லை. மச்சானிடம் இன்று வரை பெட்ரோலில் தண்ணீர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.