சேறு பூசி வரும் கோல்டன் ரெட்ரீவர்: குளிப்பாட்டுவதா, சீவிவிடுவதா?

குன்னூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மல்லி என்ற கோல்டன் ரெட்ரீவர் இருக்கிறாள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடந்துவிட்டு வரும்போதெல்லாம் வயிறு, கால், வால் என எங்கும் செம்மண் சேறு அப்பிக்கொண்டுதான் வருகிறாள். உடனே வெந்நீரில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்ட வேண்டும் என்கிறார் மாமியார். இந்தக் குளிரில் அன்றாடம் குளிப்பாட்டினால் தோல் கெட்டுவிடும், சீவினால் போதும் என்கிறார் கணவர். நீளமுடி நாய் வளர்ப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

நாலுகால் நேசன்:
வணக்கம் அம்மா. சீவுவதே நல்லது, ஆனால் சேறு முழுவதும் காய்ந்த பிறகுதான் சீவ வேண்டும். இவ்வகை நாய்க்கு முடி இரண்டு அடுக்காக இருக்கும். மேல்முடியில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப்பசை நீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. அன்றாடம் ஷாம்பு போட்டால் அந்தப் பசை போய், தோல் வறண்டு, அரிப்பு வந்துவிடும். ஈரச் சேற்றில் பிரஷ் போட்டாலோ மண்ணை நாமே அடிமுடிக்குள் தள்ளிவிடுவோம். எனவே வந்தவுடன் பழைய துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். காய்ந்த செம்மண் பிரஷ் பட்டதும் பொடியாக உதிரும்.

சீவும்போது மேலோட்டமாக இழுக்காதீர்கள். இடக்கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரியும் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிச் சீவ வேண்டும். முடிவில் இரும்புச் சீப்பு தோலிலிருந்து நுனி வரை தடையின்றி ஓடினால்தான் வேலை முடிந்தது என்று பொருள். காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, பின்தொடை ஆகிய இடங்களில்தான் சிக்கு விழும். சிக்கை எடுக்காமல் நனைத்தால் அது இறுகிவிடும். பிறகு கத்தரிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. தோட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் உண்ணியும் இப்படிச் சீவும்போதுதான் கண்ணில் படும்.

மழைக்கால மருத்துவம்:
மேலே சொன்னது தோட்டத்து மண்ணுக்குப் பொருந்தும். சாக்கடை நீரோ தேங்கிய நீரோ கலந்த சேறாக இருந்தால் காயும்வரை காத்திருக்கவே கூடாது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். அப்படிப்பட்ட நாளில் கையுறை அணிந்து, நாய்க்கென உள்ள ஷாம்புவால் கழுவுங்கள்; மனிதர்களின் ஷாம்பு அதன் தோலின் அமில-காரச் சமநிலைக்கு ஒத்துவராது. எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள்.

குன்னூர்வாசி:
மிக்க நன்றி. மாலை நேரத்தில் இங்கே சேறு காய வெகுநேரமாகிறது. அதுவரை மல்லியை ஈரத்தோடு விடலாமா?

நாலுகால் நேசன்:
விட வேண்டாம். அடிமுடியில் ஈரம் தங்கினால் அந்த இடத்தில் தோல் சிவந்து, நீர் கசியும் புண்ணாகிவிடும். அத்தகைய மாலைகளில் ஷாம்பு இல்லாமல், வெதுவெதுப்பான நீரில் காலையும் வயிற்றையும் மட்டும் அலசித் துண்டால் ஒற்றியெடுங்கள். பிறகு குறைந்த சூட்டில் டிரையரைக் காட்டி, விரலால் முடியைப் பிரித்து அடிவரை காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சீவுவதை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம்.