காத்திருப்பின் நாட்களில் தேவனிடம் அடைக்கலம் தேடுவது எப்படி?

கேள்வி:
என் கணவர் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார். டயாலிசிஸ் முடிந்து அவர் சோர்ந்து உறங்கும் வேளையில் ஜெபிக்க முழங்காற்படியிட்டால், "இன்னும் எத்தனை நாள், ஆண்டவரே?" என்பதைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை. இப்படிக் கேட்பது அவிசுவாசமா?

பதில் 1:
இல்லை, சகோதரி. ஆறே வசனங்கள் கொண்ட 13-ஆம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார். அந்தக் கேள்வியைத் தேவனிடமே கொண்டுபோனதுதான் அவருக்கு அடைக்கலமாயிற்று. கண்ணீரை மறைத்து ஸ்தோத்திரம் மட்டுமே சொல்ல வேண்டும் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள்.

பதில் 2:
பிள்ளையில்லாமல் ஏங்கிய அன்னாளை வேதத்தில் நினைத்துப் பாருங்கள். சீலோவிலிருந்த தேவாலயத்தில் சத்தம் கேளாமல் உதடுகள் மட்டும் அசைய அவள் ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலியே அவளைக் குடித்திருப்பவளாக எண்ணினார். ஆனால் தன் இருதயத்தை ஊற்றிவிட்டு எழுந்தவள், சாமுவேலைக் கருத்தரிப்பதற்கு முன்பே, போய்ச் சாப்பிட்டாள்; அதன்பின் அவள் முகத்தில் துக்கம் இருக்கவில்லை. கேட்டது கிடைக்குமுன்னரே ஆறுதல் வந்துவிட்டது என்பதுதான் என்னை எப்போதும் தொடுகிறது.

பதில் 3:
உங்கள் சபையில் நம்பிக்கையான ஓரிருவரிடம் நிலைமையைச் சொல்லுங்கள், சகோதரி. டயாலிசிஸ் நாளில் ஒருவர் உடன் வந்து அமர்ந்தால் நீங்கள் சற்றுக் கண்ணயரலாம். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் தம்மோடு விழித்திருக்கும்படி சீஷர்களைக் கேட்டுக்கொண்டாரே. உங்கள் கணவருக்காக இன்றிரவு ஜெபிக்கிறேன்.